தூண்டில்காரத் தாத்தா

(நமது மன்றத்தின் மூத்தோர் நினைவு மாலையில் நிகழ்த்திய உரை)





இந்த மேடையில் எனக்கு முன்னர் பேசியவர்கள் எல்லோரும் பெரிய காரியம் செய்த மூத்தோரைப் பற்றிப் பேசினார்கள். கோயில் எழுப்பியவர், பாடசாலைக்குக் கூரை போட்டவர், தொழிற்சங்கத்துக்காக வேலையிழந்தவர் என்று அந்த வரிசை நீண்டது. என் முறை வந்தபோது என் தாத்தாவைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். செயலாளர் தம்பி சற்றே தயங்கி, "ஐயா, அவர் என்ன செய்தார் என்று அழைப்பிதழில் போடட்டும்?" என்று கேட்டார். "மீன் பிடித்தார், சிரித்தார், பிறரையும் சிரிக்க வைத்தார் என்று போடுங்கள்" என்றேன். தம்பி மரியாதை தெரிந்தவர், அப்படிப் போடவில்லை. 'ஒரு தோட்டத் தொழிலாளியின் வாழ்க்கை' என்று அச்சிட்டிருக்கிறார்.

அதில் பிழையொன்றும் இல்லை. ஆயினும் அந்தத் தலைப்பைக் கண்டவுடன் உங்களிற் பலர் கைக்குட்டையோடு வந்திருப்பீர்கள் என்று அஞ்சுகிறேன். நம்மைப் பற்றி எழுதுகிறவர்களும் பேசுகிறவர்களும் இரத்தம், வியர்வை, கண்ணீர் என்ற மூன்று சொற்களை விட்டு வெளியே வருவதில்லை. அவை பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் காலைப் பிரட்டுக்கும் மாலை நிறுவைக்கும் போக மீந்த நேரத்தில் நம் மூத்தோர் எப்படி வாழ்ந்தார்கள் என்று கேட்பாரில்லை. ஒரு மனிதனை அறிய வேண்டுமானால் அவனுக்கே சொந்தமான நேரத்தில் அவன் என்ன செய்தான் என்று பார்க்க வேண்டாமா? என் தாத்தாவுக்கு வாரத்தில் ஒரு ஞாயிறு சொந்தம். அதை அவர் தண்ணீர்க் கரையிலே கழித்தார்.

அவர் பிறந்தது 1931ஆம் ஆண்டு, அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டமொன்றில். ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்து மலைகளிலிருந்து இறங்கும் ஓடைகள் அந்தப் பிரதேசத்தில் பல உண்டு. கல்லைப் புரட்டினால் நண்டு. பிடிப்பதற்குப் பிள்ளைகளுக்கு வேறு கருவி வேண்டாம், விரல் போதும். விரலை நண்டு பிடிக்கிறதா, நண்டை விரல் பிடிக்கிறதா என்பதுதான் பந்தயம். தாத்தாவின் வேட்டைப் படிப்பு அங்கேதான் ஆரம்பமாயிற்று.

அந்த ஓடைகளில் இன்னொன்றும் இருந்தது. அதற்கு நம்மவர் வைத்த பெயர் துரை மீன். ட்ரவுட் என்னும் அந்த மீன் இந்நாட்டுப் பிறவியன்று. காப்பிச் செடிகள் நோய் பட்டு அழிந்து, மலையெல்லாம் தேயிலை ஏறிக்கொண்டிருந்த 1880களில், வெள்ளைத் துரைமார் தம் ஊரில் தூண்டில் போட்டுப் பழகிய மீனை இங்கேயும் காண ஆசைப்பட்டு, அதன் முட்டைகளைக் குளிர் கெடாமல் பொதிந்து கப்பலிற் கொண்டுவந்து நுவரெலியா ஓடைகளில் விட்டார்கள். முதலில் வந்த பழுப்பு வகை இங்கே சரியாகப் பெருகவில்லை. பின்னர் வந்த வானவில் வகைதான், அதுவும் அமெரிக்காக் கண்டத்து மீன், ஹோர்ட்டன் சமவெளியின் குளிர்ந்த நீரில் தானே குஞ்சு பொரித்து நிலைத்துக்கொண்டது. அதைப் பிடிக்கத் துரைமார் கழகம் அமைத்தார்கள். அனுமதிச் சீட்டு வைத்தார்கள். இன்ன அளவுக்குச் சிறியதைப் பிடிக்கலாகாது என்று விதி செய்தார்கள். இங்கிலாந்தில் வால்டன் என்பவர் 1653ஆம் ஆண்டிலேயே தூண்டிலைப் பற்றித் தனி நூல் எழுதி வெளியிட்டார். அவர்களிடம் தூண்டில் ஒரு கௌரவமான பொழுதுபோக்கு. கூலிக்காரன் பிள்ளை அதே தூண்டிலைப் பிடித்தால் மட்டும் அதற்குத் திருட்டு என்று பெயர்.

தாத்தாவுக்குப் பத்து வயதிருக்கும். வளைத்த குண்டூசியில் மண்புழு கோத்துத் துரை மீன் ஒன்றைப் பிடித்துவிட்டார். வேட்டியில் மடித்துக்கொண்டு ஓடி வரும்போது காவற்காரன் கையில் அகப்பட்டார். மீன் பங்களாவுக்குப் போயிற்று. மறுநாள் அவருடைய தகப்பனாருக்குப் பேர் இல்லை. அன்றைய பேர் போனால் அன்றைய கூலி போயிற்று என்பது இங்குள்ள பெரியோர்களுக்குத் தெரியும். இந்தக் கதையைத் தாத்தா எங்களுக்கு நூறு முறை சொல்லியிருப்பார். ஒவ்வொரு முறையும் மீன் ஓர் அங்குலம் வளரும். ஆனால் அடிபட்டதை மட்டும் அவர் ஒருபோதும் பெரிதாக்கிச் சொன்னதில்லை. "மீனு நல்ல மீனுடா அப்பு. தொரை வயித்துக்குப் போறதுக்கு அதுக்கே இஷ்டமில்ல. என் மடியில எப்படித் துள்ளுச்சு தெரியுமா!" என்பார்.

கலியாணத்தோடு அவர் மஸ்கெலியாவுக்கு வந்து சேர்ந்தார். இங்கே அவர் பார்த்த வேலைகளைச் சொல்லி நேரத்தைப் போக்க மாட்டேன். கவ்வாத்து வெட்டினார், கான் வெட்டினார், உரம் போட்டார், சில காலம் ஸ்டோரிலும் இருந்தார். எல்லோரும் செய்ததைத்தான் அவரும் செய்தார். மவுசாக்கலை அணைதான் சொல்ல வேண்டிய விஷயம்.

களனி கங்கைக்குத் தாய் இரண்டு: கெஹல்கமு ஓயா ஒன்று, மஸ்கெலியா ஓயா மற்றொன்று. முதலாவதை மறித்துக் காசல்ரீ நீர்த்தேக்கம் 1965இல் எழுந்தது. இரண்டாவதை மறித்து மவுசாக்கலை 1969இல் நிறைந்தது. நிறைந்தபோது பழைய மஸ்கெலியாப் பட்டினம் தண்ணீருக்குள் போயிற்று. சம்பள நாளில் நம் மக்கள் துணி எடுத்த கடைகள், பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்கிய சந்து, கோயில், விகாரை, பள்ளிவாசல் எல்லாம் போயின. ஊரை மேட்டுக்கு மாற்றினார்கள். கடுங்கோடையில் தண்ணீர் வற்றும்போது கோயிலின் கற்சுவரும் மற்ற இடிபாடுகளும் வெளியே தெரிகின்றன. அந்நாட்களில் எங்கிருந்தெல்லாமோ வந்து பார்த்துப் போகிறார்கள். அந்தத் தண்ணீரிலிருந்து மின்சாரம் பிறந்து கொழும்புக்குப் போயிற்று. கரையிலிருந்த எங்கள் லயத்தில் அதற்குப் பின்னரும் பல ஆண்டுகள் குப்பி விளக்குத்தான் எரிந்தது. "கரண்டு கொழும்புக்கு, மீனு நமக்கு. கணக்கு சரியாப் போச்சு" என்று தாத்தா சொல்லுவார்.

மீன் என்றேனல்லவா? 1952ஆம் ஆண்டில் திலாப்பியா என்ற ஆபிரிக்க மீன் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. குளங்களிலும் நீர்த்தேக்கங்களிலும் அது பெருகியது. இதற்குச் சீட்டு வேண்டாம், துரையின் தயவும் வேண்டாம். தாத்தாவின் பொற்காலம் அப்போதுதான் ஆரம்பம்.

அவருடைய தூண்டிலைப் பற்றி இளைஞர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடையில் வாங்கியது முள்ளும் நரம்பும் மட்டுந்தான். கழி, லயத்துக்குப் பின்னால் நின்ற மூங்கிற் புதரில் வெட்டி, அடுப்புப் புகையில் ஒரு மாதம் வைத்து எடுத்தது. தக்கை, அறுந்துபோன ரப்பர் செருப்பில் வெட்டிய துண்டு. நரம்பு அமிழ்வதற்குக் கட்டும் ஈயம், ஸ்டோரில் எறிந்துவிட்ட பழைய தேயிலைப் பெட்டியிலிருந்து உரித்த தகட்டைச் சுருட்டியது. முற்காலத்தில் தேயிலைப் பெட்டிகளின் உட்புறம் ஈயத்தகடு வைத்தே அடைத்தார்கள். இரை, மாட்டுப்பட்டி எருக்குழியில் தோண்டிய மண்புழு. புழு கிடைக்காவிட்டால் ரொட்டிக்குப் பிசைந்த மாவில் கருப்பட்டி சேர்த்த உருண்டை. இந்த மாவு விஷயத்தில் அப்பாயிக்கும் அவருக்கும் நித்தம் சண்டை. "புள்ளைகளுக்கு இல்லாத கருப்பட்டி மீனுக்கா?" என்று அப்பாயி கேட்பாள். "மீனு தின்னாத்தானே புள்ளைக தின்னும்" என்று பதில் வரும்.

இடம் தெரிவதில்தான் வித்தை இருக்கிறது. மழை விட்ட மறுநாள், தேயிலை மலையின் கான்களிலிருந்து சிவந்த தண்ணீர் நீர்த்தேக்கத்தில் வந்து விழும் வாயருகே உட்காருவார். மண்ணோடு அடித்து வரும் புழுவைத் தின்ன மீன் அங்கே கூடும். மூடுபனி விலகும் வரை மீன் கரையோரம் நிற்கும்; பதினொரு மணிக்குக் காற்றெழுந்து தண்ணீர் நெளியத் தொடங்கினால் ஆழத்துக்குப் போய்விடும். அப்போது எங்களை எழுப்பி, "பிரட்டு கலைஞ்சு போச்சு, வாங்கடா" என்பார். தண்ணீர் இறங்கிய காலத்தில் கரைச்சேற்றில் கால் வைக்க விடமாட்டார். மேலே காய்ந்து வெடித்திருக்கும், உள்ளே இடுப்பு வரை விழுங்கும். பிள்ளைகள் கல்லும் புல்லும் உள்ள இடத்தைத் தவிர வேறெங்கும் நிற்கக் கூடாது. அவர் வேடிக்கை பேசாமல் கண்டிப்பாகச் சொன்ன வார்த்தை இது ஒன்றுதான். இன்றைக்கும் நீர்த்தேக்கங்களில் குளிக்கப் போய்த் திரும்பாத இளைஞர்களின் செய்தி வரும்போதெல்லாம் அந்தக் குரல் என் காதில் விழுகிறது.

இனி அவருடைய பகடிகள். மாசி மாதம் காமன் கூத்து வந்தால் கோமாளி வேடம் அவருக்கென்றே எழுதி வைத்தது. வேடம் கலைந்த பின்னரும் கோமாளி அவரை விட்டுப் போகவில்லை. மீன் பிடித்துத் திரும்பியதும் இஸ்தோப்பில் நிறுவை நடக்கும். ஒரு மூங்கிற் குச்சியின் இருபுறமும் கொட்டாங்கச்சி கட்டிய தராசு. தாத்தா கணக்கப்பிள்ளை, பிள்ளைகள் நாங்கள் கொழுந்துக்காரிகள். ஒவ்வொருவரும் பிடித்த மீனை நிறுத்து, "ஈரத்துக்கு ரெண்டு றாத்தல், கூடைக்கு ரெண்டு றாத்தல்" என்று கழித்துக்கொண்டே போவார். கடைசியில் நாங்கள்தான் தோட்டத்துக்கு மீன் பாக்கி என்று முடியும்! அரை விரல் நீள மீனுக்கு அரைப் பேர்தான். பக்கத்துக் காம்பராவிலிருந்து கொழுந்தெடுத்துக் களைத்து வந்த பெண்கள் இதைப் பார்த்துக் கண்ணில் நீர் வரச் சிரிப்பார்கள். ஒரு நாள் உண்மையான கணக்கப்பிள்ளையே அவ்வழியாக வந்து நின்றுவிட்டார். நாங்கள் நடுங்கினோம். தாத்தா எழுந்து, "ஐயா, தராசைச் சரி பாருங்க" என்று கொட்டாங்கச்சியை நீட்டினார். அவரும் சிரித்தாரென்றே சொல்ல வேண்டும். ஆனால் மறுவாரம் எங்கள் லயத்துக் கொழுந்துக்குக் கழிவு குறைந்ததாக யாரும் சொல்லவில்லை.

பெரிய மீன் அகப்பட்டால் அதன் பூர்வீகத்தைச் சொல்லுவார். "இது பழைய கடைவீதியில துணிக்கடையில வளந்தது, பளபளப்பைப் பாரு. இது கோயிலடி மீனு, சைவம், முள்ளே இல்ல." நாங்கள் நம்பினோம். தண்ணீருக்கடியில் அந்தப் பட்டினம் இன்னும் நடக்கிறது, மீன்கள் கூப்பனோடு வரிசையில் நிற்கின்றன என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். இப்போது நினைக்கும்போது வேறொன்று தோன்றுகிறது. அந்தத் தெருவிலே நடந்து, அந்தக் கோயிலிலே தாலி கட்டியவர் அவர். அதன் மேல் முப்பது அடி தண்ணீர் நிற்க, அதற்கு மேலே தக்கையை மிதக்கவிட்டு உட்கார்ந்திருந்தார். பேரப்பிள்ளைகளுக்கு அந்த ஊரை எப்படிக் காட்டுவது? அவர் அறிந்த வழி அது.

ஒரு முறை தாய் மீனொன்று அகப்பட்டது. வாயிலிருந்து முள்ளை எடுக்கும்போது சின்னஞ்சிறு குஞ்சுகள் வாய்க்குள்ளிருந்தே உதிர்ந்தன. திலாப்பியாவில் இவ்வகைப் பெண் மீன் முட்டைகளை வாயிலேயே அடைகாத்துக் குஞ்சுகளையும் அங்கேயே காப்பாற்றுகிறது என்பதைப் பின்னாளில் நான் பாடப்புத்தகத்தில் படித்தேன். தாத்தா புத்தகம் படித்தவரல்லர். "அடடா, புள்ளக்காம்பராவை இல்ல தூக்கிட்டோம்!" என்று பதறி, அந்த மீனை இரண்டு கைகளாலும் தண்ணீருக்குள் இறக்கி, குஞ்சுகள் சேரும்வரை அசையாமல் நின்றார். பிறகு அன்று முழுவதும் அந்த இடத்தில் தூண்டில் போடவில்லை.

இந்து இளைஞர் மன்றத்தில் நின்றுகொண்டு மீன் கொன்றவரைப் புகழலாமா என்று சில பெரியோர்கள் மனத்துள் கேட்கக்கூடும். தாத்தாவிடம் நேரேயே கேட்டார் ஒருவர், மாமிசம் தொடாத முதியவர், திருவிழாவில் புராணம் வாசிப்பவர். கோயில் வாசலில் நடந்த அந்த வாதத்தை எங்கள் தோட்டம் நெடுநாள் பேசிக்கொண்டிருந்தது. "உயிரை வதைக்கலாமா?" என்றார் பெரியவர். "நீங்கதானே ஐயா போன வருஷம் படிச்சீங்க? மதுரைச் சொக்கநாதரே வலையைத் தூக்கிக்கிட்டுக் கடலுக்குப் போனாருன்னு. நான் ஏதோ சின்னத் தூண்டிலு" என்றார் தாத்தா. திருவிளையாடற் புராணத்தில் வலை வீசின படலம் என்று ஒன்றுண்டு. சாபத்தினால் உமையம்மை மீனவர் குலத்தில் வளர, சுறாவாகத் திரிந்த நந்தியைச் சிவபெருமான் மீனவராக வந்து வலை வீசிப் பிடித்து அம்மையை மணந்த கதை. கூட்டம் தாத்தாவின் பக்கம் சாய்ந்தது. பெரியவர் விடவில்லை. "வாஸ்தவம். ஆனால் அவர் பிடித்த மீனைக் குழம்பு வைக்கவில்லையே அப்பா" என்றார். தாத்தாவுக்கு வாயடைத்தது அன்றைக்குத்தான். தோற்றதற்காகத் தாமே முதலில் சிரித்தவரும் அவர்தான்.

அப்புறம் அந்தப் பெரியவரே அவருக்கு அதிபத்த நாயனாரின் கதையைச் சொன்னார். நாகபட்டினத்து நுளைப்பாடியில் வாழ்ந்த அதிபத்தர் நாள்தோறும் வலையில் வருவதில் ஒரு மீனைச் சிவனுக்கென்று கடலில் விட்டார். ஒரே மீன் அகப்பட்ட நாட்களிலும் அதையே விட்டுப் பட்டினி கிடந்தார். முடிவில் பொன்னும் மணியுமான மீன் வந்தபோது அதையும் விட்டார். அறுபத்து மூவரில் மீன் பிடித்து முத்தி பெற்றவர் ஒருவர் உண்டு என்று கேட்டதும் தாத்தாவுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. சொந்தக்காரரைக் கண்டுபிடித்தவர் போலானார். அன்று முதல் வெள்ளிக்கிழமையும் கந்தசஷ்டி நாட்களும் தூண்டிலுக்கு விடுமுறை. மற்ற நாட்களில் முதல் மீன் அதிபத்தர் பங்கு. சிறிதோ பெரிதோ, அது தண்ணீருக்குத் திரும்பும். தாம் குறிவைத்திருந்த பெரிய மீனே முதலாவதாக வந்துவிட்டால், "நாயனாருக்கு நாக்கு நீளம்" என்று முணுமுணுத்துக்கொண்டே விடுவார்.

இந்தப் பழக்கம் ஒரு காலத்தில் முறிந்தது. அதை இங்கே சொல்லாமல் விடுவது தாத்தாவுக்குச் செய்யும் நியாயமாகாது.

1973, 1974ஆம் ஆண்டுகளை இங்குள்ள முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். அரிசிக்கும் மாவுக்கும் நாடெங்கும் தட்டுப்பாடு. கூப்பன் மா குறைந்தது. வெளியே வாங்க விலை எட்டவில்லை. வேலை நாட்களும் குறைந்தன. தோட்டங்களிலே பட்டினியால் மனிதர் மடிந்தனர். நான் அப்போது பிறக்கவில்லை. எல்லாம் அப்பாயி சொன்னது. கீரையையும் மரவள்ளிக் கிழங்கையும் அவித்துத் தின்று, அதுவும் இல்லாத நாட்களில் சாயத் தண்ணீரைக் குடித்துப் படுத்தார்கள். தாத்தா ஞாயிறு என்று பாராமல், வேலை முடிந்த ஒவ்வொரு மாலையும் நீர்க்கரைக்கு ஓடினார். விளையாட்டாகக் கற்றது அப்போது வீட்டுக்குச் சோறாயிற்று. வீட்டில் நாலு பிள்ளைகள். பக்கத்துக் காம்பராவில் தகப்பனில்லாத மூன்று. ஒவ்வொரு நாளும் கிடைத்ததை ஏழாக வகுத்தாள் அப்பாயி. தலைகள் பெரியவர்களுக்கு. அந்தக் காலத்திலும் இஸ்தோப்பில் தராசு தொங்கிற்றாம். பிள்ளைகள் கேட்டார்கள் என்பதற்காக மீனை நிறுத்தாராம். ஆனால் ஈரத்துக்கும் கூடைக்கும் கழிக்கவில்லையாம்.

முதல் மீனை அவர் அந்நாட்களில் விடவில்லை. பின்னாளில் நான் கேட்டிருக்கிறேன், சிறுவன் அல்லவா, கேட்டுவிட்டேன்: "தாத்தா, அதிபத்தர் பசியோடயும் விட்டாரே?" அவர் தக்கையைப் பார்த்தபடியே வெகு நேரம் இருந்தார். பிறகு, "அவரு நாயனாரு அப்பு. நான் வெறும் நாலு புள்ளக்காரன்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் இல்லை. ஆனால் எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அவர் ஒரு நாளும் ஒரு மீனோடு நிறுத்தியதில்லை; முதல் இரண்டையும் விடுவார். இரண்டாவது எதற்கு என்று கேட்டால், "பழைய பாக்கி" என்பார். எப்போது தீரும் என்று கேட்டால், "தோட்டத்துப் பாக்கி என்னிக்கிடா தீந்திருக்கு?" என்று சிரிப்பார். அவர் கடைசியாகத் தூண்டில் போட்ட நாள் வரை அந்தப் பாக்கி தீரவில்லை.

பஞ்சம் போயிற்று, பிரிவு வந்தது. 1964 ஒக்டோபரில் சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரியாரும் கையொப்பமிட்ட ஒப்பந்தம் நம்மவரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மீந்த ஒன்றரை இலட்சத்தை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. "முதல்ல நிறுத்தாங்க, அப்புறம் மிச்சத்தையும் நிறுத்தாங்க" என்று தாத்தா இதைப் பற்றிச் சொன்னது எனக்கு வேடிக்கையாகவே தோன்றியதில்லை. அவருடைய தம்பிக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்தது. அட்டனில் ரெயில் ஏறி, தலைமன்னாரில் கப்பலேறி, நீலகிரிக்குப் போய் அங்கும் தேயிலைத் தோட்டத்திலேயே குடியேறினார். திரும்பி வந்தோருக்கென்று தமிழ்நாட்டு அரசு 1968இல் தொடங்கிய தோட்டங்கள் அவை. ரெயிலடியில் எல்லோரும் கட்டிப் பிடித்து அழ, தாத்தா தம் நல்ல தூண்டில் முள்ளில் மூன்றைத் தீப்பெட்டியில் வைத்துத் தம்பியின் சட்டைப் பையில் போட்டாராம். ஒரு வருடம் கழித்துக் கடிதம் வந்தது. அண்ணே, இங்கேயும் குளிர், இங்கேயும் அட்டை, இங்கேயும் அவலாஞ்சி ஓடையில் துரை மீன் விட்டு வைத்திருக்கிறார்கள், ஆனால் பேசுவதற்கு ஆளில்லை என்று எழுதியிருந்தார். உண்மைதான். நீலகிரியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளையர் ட்ரவுட் பண்ணை வைத்தார்கள். அண்ணனையும் தம்பியையும் பிரிக்கக் கடல் இருந்தது. அந்த மீன் மட்டும் இரண்டு மலையிலும் இருந்தது. அந்தக் கடிதத்தை அவர் எங்களைப் பலமுறை வாசிக்கச் சொல்லுவார். துரை மீன் வரும் இடத்தில் மட்டும் சிரிப்பார்.

தாத்தாவோ எந்த நாட்டிலும் எழுதப்படாதவர். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது அவருக்குப் பதினேழு வயது. விண்ணப்பம் போட்டார், மறுத்தார்கள். மீண்டும் போட்டார், பதில் இல்லை. 2003ஆம் ஆண்டில், இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறிய பின்னரே அவர் கைக்கு ஒரு தாள் வந்தது. எழுபத்திரண்டு வயது. அந்தத் தாளை விரித்து வைத்துக்கொண்டு இஸ்தோப்பில் அவர் ஆற்றிய சொற்பொழிவை நான் அப்படியே சொல்லுகிறேன்:

"தொரை மீனு இங்கிலீசுக் கப்பல்ல வந்துச்சு. திலாப்பியா ஆபிரிக்காவில இருந்து வந்துச்சு. தேயிலையும் வெளிநாடு, தொரையும் வெளிநாடு. இந்த மலையில கடல் தாண்டி வராதது அட்டையும் பனியுந்தான். மீனுகிட்ட யாராச்சும் தாள் கேட்டாங்களா? இங்க குஞ்சு பொரிச்சா இந்த ஊரு மீனுன்னு விட்டுட்டாங்க. நான் இங்கதான் பொறந்தேன், இங்கதான் பொரிச்சேன். மீனுக்குத் தெரிஞ்சது ஆபீசுக்குத் தெரிய அம்பத்தஞ்சு வருஷம் ஆச்சு."

கேட்டவர்கள் சிரித்தார்கள். அப்பாயி மட்டும் உள்ளே எழுந்து போனாள். மறுநாள் அதிகாலையில் அவர் நீர்க்கரைக்குப் போய் அந்தத் தாளை மீன்களுக்குக் காட்டிவிட்டு வந்ததாகச் சொன்னார். அது உண்மையா பகடியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நனைந்து காய்ந்த சுருக்கம் ஒரு மூலையில் இருக்கிறது.

2011ஆம் ஆண்டு, எண்பதாவது வயதில், ஒரு மழைக்காலத்தில் அவர் காலமானார். நோய் அதிக நாள் இல்லை. கருமாதி அன்று ஒப்பாரி வைக்க வந்த கிழவிகளில் ஒருத்தி, அவருடைய நிறுவைக் கூத்தைச் சொல்லப் போய்ச் சிரித்துவிட்டாள். அதைத் தொட்டு மற்றவர்களும் ஒவ்வொன்றாய்ச் சொல்லத் தொடங்க, சாவு வீட்டில் இப்படியா என்று யாரும் கேட்கவில்லை. பக்கத்துக் காம்பராவில் வளர்ந்த அந்த மூன்று பிள்ளைகளும் வந்திருந்தார்கள். ஒருவர் கொழும்பிலே கடை வைத்திருக்கிறார். அவர் சிரிக்கவில்லை. மூங்கிற் கழியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, தம் மகனிடம், "இதுல புடிச்ச மீனுதான் அப்பா தின்னேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் கழி இப்போது என் வீட்டுக் கூரையில் செருகியிருக்கிறது. நரம்பு இரண்டு முறை மாற்றினேன். செருப்புத் தக்கை பழையதுதான். விடுமுறைக்குக் கொழும்பிலிருந்து வரும் நம் பிள்ளைகள் அணைக்கட்டில் நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். தண்ணீருக்கடியில் இருக்கும் ஊரின் கடைவீதி எந்தப் பக்கம், கோயில் எந்தப் பக்கம் என்று கேட்டால் தெரியவில்லை. தாத்தா எனக்குக் காட்டிய அடையாளங்கள் சில என்னிடம் இருக்கின்றன. எந்தப் பாறைக்கு நேரே தூண்டில் போட்டால் துணிக்கடை மீன் வரும் என்பது முதலாக.

தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். வருகிற ஞாயிறு மழை விட்டிருந்தால், விடிய ஆறு மணிக்கு நானும் என் மகனும் கரைக்குப் போகிறோம். மன்றத்து இளைஞர்களில் விருப்பமுள்ளோர் வரலாம். கல்லும் புல்லும் உள்ள இடத்தில்தான் நிற்க வேண்டும். முதல் இரண்டு மீன் தண்ணீருக்கு. புழு எங்களிடம் உண்டு. ரொட்டியும் சம்பலும் நீங்கள் கொண்டு வாருங்கள்.